சொல்லக் கூசிய சொல்

சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையைக் கற்பிக்கும் ஆசிரியன் ஓரிடத்திற் குரலைத் தாழ்த்துவது வழக்கம். கணவனைக் கொன்ற நகரின்மேற் சினங்கொண்ட கண்ணகி, தன் இடப்பக்க மார்பைக் கையால் திருகி மதுரையின்மீது எறியும் இடம் அது. இளங்கோவடிகள் எவ்விதக் கூச்சமுமின்றி உறுப்பின் பெயரை உள்ளவாறே கூறிச் செல்கிறார். யானோ, பதினைந்து ஆண்டுக்கு மேலாக, அவ்வடிகளை மாணவியர் தாமே வாசித்துக்கொள்ளுமாறு விட்டுவிட்டு, தீப்பற்றிய நகரின் வருணனைக்குத் தாவிவிடுவேன். கீழைத்தேயக் கல்லூரியிற் பயின்ற நாளில் என் ஆசிரியரும் அவ்வாறே செய்தார். அவருடைய ஆசிரியரும் அவ்வாறே செய்திருப்பார் போலும். இதனை நாங்கள் அடக்கம் என்று எண்ணியிருந்தோம்.

அந்த அடக்கத்துக்கு என்ன விலை என்பதை என் தமக்கையார் வாயிலாக அறிந்தேன். தமிழ்ப் பண்டிதன் ஒருவன் வைத்திய விடயம் எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர் வினவுதல் கூடும். நோயைப் பற்றி வைத்தியர் எழுதட்டும்; அந்நோயை வைத்தியரிடம் செல்லவொட்டாது தடுத்தது ஒரு சொல்லாயின், அச்சொல்லுக்கு விடை கூறவேண்டியவன் சொல்லைக் கற்பிப்பவனே.

அக்காவின் கேள்வி

எங்கள் ஊர் படுவான்கரையில் உள்ளது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் திசையிலுள்ள கரை ஆதலின் அதற்கு அப்பெயர். தாயார் இளமையிலேயே காலமாக, என்னை வளர்த்து ஆளாக்கியவர் என்னிலும் பதினேழு வயது மூத்த அக்கா. எங்கள் நாட்டு வழமைப்படி வீடும் வளவும் பெண்மக்களுக்கே உரியன. ஆகவே தாய்வீடு அக்கா வீடாயிற்று. யான் கல்லூரிக்குச் சென்றதும், பண்டிதர் பரீட்சைக்குப் படித்ததும் அவ்வீட்டுத் திண்ணையிலிருந்தே.

2008ஆம் ஆண்டில் அக்காவுக்கு வயது 57. கணவரை இழந்து ஆறாண்டு ஆகியிருந்தது. நான்கு பிள்ளைகளைப் பெற்றுப் பாலூட்டி வளர்த்தவர். வயல்வேலை ஓய்ந்தபின் உடம்பு சற்றே கனத்திருந்தது, சலரோகமும் தொடங்கியிருந்தது. இடப்பக்க மார்பிற் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டியை அவர் முதலிற் கண்டது முந்திய ஆண்டின் வைகாசிச் சடங்குக் காலத்தில் என்று பின்னரே அறிந்தோம். அது நோகவில்லை. நோகாத கட்டியை நோயென்று எண்ண அவருக்குத் தோன்றவில்லை. சில திங்கள் கழித்துப் பரிகாரியார் ஒருவரை நாடினார். அவரிடமும் கட்டி இருந்த இடத்தைச் சொல்ல நாணி, "கமுக்கட்டுக்குள்ள ஒரு கட்டி" என்றே சொன்னார். சொன்ன இடத்துக்கு ஏற்ற பற்றை அவர் அரைத்துக் கொடுத்தார். பொய்யான சொல்லுக்கு மெய்யான மருந்து எங்ஙனம் கிடைக்கும்?

ஒருநாள் கொடியிற் காய்ந்த சட்டையில் இரத்தக் கறையை என் மனைவி கண்டாள். என்னிடம் வந்து, "மச்சாளுக்கு மேலுக்குச் சரியில்லைப் போல" என்றாள். அவளும் அதற்குமேற் சொல்லவில்லை. யான் சென்று கேட்டேன். "ஒண்டுமில்ல தம்பி, வயசான உடம்பு" என்றார் அக்கா. மீண்டும் கேட்டபோது, "இது ஆம்பிளப் பிள்ளைக்கிட்டச் சொல்லுற கதையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, எனக்கோ தமக்கோ என்று தெரியாதபடி, "அது நிண்டு எட்டு வருசமாச்சு. இனி இந்த உடம்பில என்ன வளரப் போகுது?" என்றார்.

மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014ஆம் ஆண்டில். அன்று வாவியைக் கடக்கப் 'பாதை' என்று நாங்கள் வழங்கும் மிதவைதான். அதிலேறி மட்டக்களப்பு நகருக்கும், அங்கிருந்து இராப் பஸ்ஸிற் சோதனைச் சாவடிதோறும் இறங்கியேறி மகரகமைக்கும் சென்றோம். அங்கே வைத்தியர், "எவ்வளவு காலமாக உள்ளது?" என்று தாதி ஒருவர் வாயிலாகத் தமிழிற் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. யான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கதவு சாத்தியபின் அவர் பேசினாராம். அந்நோயில் யான் அவருக்குச் செய்த முதல் உதவி அந்த அறையை விட்டு வெளியேறியதே.

கட்டியின் கலங்களில் ஈஸ்திரஜன் வாங்கிகள் உள்ளன என்றும், நோய் எலும்புவரை சென்றுவிட்டது என்றும் பரிசோதனை அறிக்கை கூறிற்று. முற்கூறியது நல்ல செய்தி என்றும், பிற்கூறியது காலந்தாழ்த்தியதன் பயன் என்றும் வைத்தியர் விளக்கினார். மாத்திரைகள் அவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயுள் அளித்தன. 2011 தை மாதப் பெருவெள்ளம் வடிந்து, வயல்களிற் சேறு காயுமுன் அக்கா காலமானார்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னோடு நின்றது. வற்றியதாக அவர் எண்ணிய உடம்பில் வளர்ந்தது எது? வளர்த்தது எது?

நோயின் பெயர்

பழைய கிரேக்க வைத்தியர் இந்நோயை நண்டுக்கு ஒப்பிட்டனர். அவர்கள் இட்ட பெயரே இலத்தீன் வழியாக மேனாட்டு மொழிகளில் நண்டின் பெயராக வழங்குகிறது. நம் முன்னோர் கறையான் புற்றைக் கண்டனர். புறத்தே சிறு மேடு. அகத்தே கண்ணுக்குப் புலனாகாது ஓடும் கிளை வழிகள். புற்றுநோய் என்ற பெயர் இதனினும் பொருத்தமாக அமைதல் அரிது. நோய்க்குப் பெயரிட நம் மொழி கூசவில்லை. உடலுறுப்புகளைக் கூறவும் அது கூசியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி மாணாக்கருக்கு வைத்தியம் கற்பித்த அமெரிக்கராகிய சாமுவேல் கிறீன், உடற்கூறும் மகப்பேறும் சத்திர சிகிச்சையும் தமிழிலேயே பயிலத்தக்கன என்று துணிந்து நூல்களை மொழிபெயர்த்து வெளியிட்டார். சொல் இல்லாமையால் நாம் வாயடைத்திருக்கவில்லை. இருந்த சொல்லை ஒளித்து வைத்தோம்.

முகத்துவாரம் அடைத்த வாவி

அக்காவின் கேள்விக்கு விடையின் முதற் பகுதியைக் கண்டவர், ஸ்கொத்லாந்திற் கிளாஸ்கோ நகரத்துச் சத்திர வைத்தியராகிய ஜோர்ஜ் பீற்சன். சூலகத்துக்கும் பால்சுரப்புக்கும் தொடர்புண்டு என்பதைக் கால்நடை வளர்ப்போர் அனுபவத்தால் அறிந்திருந்த அவர், மார்பகப் புற்று முற்றிய பெண்களின் சூலகங்களை அகற்றியபோது சிலருக்குக் கட்டி சுருங்கக் கண்டு, அதனை 1896இல் வெளியிட்டார். ஓமோன் என்ற சொல்லே அப்பொழுது பிறந்திருக்கவில்லை. அது 1905இல் வழக்குக்கு வந்தது.

சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் இரத்தத்தோடு உடலெங்கும் செல்கிறது. ஆயினும் எல்லா உறுப்பும் அதன் ஏவலைக் கேட்பதில்லை. தூதன் ஓலை கொணர்ந்தாலும், அதனை வாங்குவோன் இல்லாத வீட்டிற் செய்தி சேராதன்றோ? 1950களின் பிற்பகுதியிற் சிக்காகோ நகரில் எல்வுட் ஜென்சன் என்ற அறிஞர், ஈஸ்திரஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று குறிப்பிட்ட சில கலங்களில் மட்டும் இருப்பதைக் கண்டார். அதுவே வாங்கி எனப்படுவது. மார்பகப் புற்றுகளிற் பெரும்பாலானவற்றில் இவ்வாங்கி உண்டு. அத்தகைய கட்டி ஈஸ்திரஜன் என்னும் ஓலையைப் பெறுந்தோறும் வளர்கிறது.

அவ்வாறாயின், சூலகம் ஓய்ந்த பின் நோயும் ஓய்தல் வேண்டுமே என்பது அக்காவின் வாதம். அது பேதைமை வாதம் அன்று. ஆனால் இவ்வாவிக் கரையில் வாழும் நாம் அதற்கு விடையை நாள்தோறும் காண்கிறோம். பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம் கோடையில் மணலால் அடைபடுகிறது. கடல்நீர் வரவு நின்றதனால் வாவி வற்றிவிடுகிறதா? மேற்கிலிருந்து ஆறுகளும் ஓடைகளும் வயல் வடிகால்களும் அதற்கு நீரூட்டிக்கொண்டேயிருக்கின்றன. பெண்ணுடம்பும் அவ்வாறே. சிறுநீரகங்களின் மேலமைந்த அதிரீனல் சுரப்பிகளிலிருந்து வரும் ஆண்பால் ஓமோன் வகைகளை, கொழுப்பிழையத்திலுள்ள அரோமற்றேஸ் என்னும் நொதியம் ஈஸ்திரஜனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்த உடம்பில் இவ்வோடை பெருகும். மாதவிலக்கு நின்ற பெண்களை நெடுநாள் தொடர்ந்து கவனித்த ஒன்பது ஆய்வுகளின் தொகுப்பு 2002இல் வெளிவந்தது. அதன்படி, குருதியில் ஈஸ்திரஜன் வகை ஓமோன்கள் மிகக் கூடியோர்க்கு, மிகக் குறைந்தோரைக் காட்டிலும் இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு.

இரண்டாவது ஓடை ஒன்றும் உண்டு. கலங்களை வளரவும் பெருகவும் ஏவும் புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். இவ்வகைப் புரதங்களை முதலிற் கண்டறிந்த ரீற்றா லெவி-மொன்டல்சினி அம்மையாருக்கும் ஸ்ரான்லி கோகனுக்கும் 1986இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவற்றுள் ஒன்று அமைப்பில் இன்சுலினை ஒத்திருத்தலின், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என வழங்கும். அது பெரும்பாலும் ஈரலிற் பிறப்பது. குழந்தையை உயரச் செய்வதும் குமரியை வளரச் செய்வதும் அதன் தொழில். பூப்பெய்தும் பருவத்தில் உச்சத்தை அடைந்து, வயது செல்லச் செல்லக் குறையுமேயன்றி அற்றுப் போவதில்லை. "பெருகுக" என்று கலத்தை ஏவுவதோடு, பழுதுற்று மாளவேண்டிய கலத்தை மாளாமற் காப்பதும் அதற்கு இயல்பு. வளரும் பிள்ளைக்கு வரமானது, வழிதவறிய கலத்துக்கும் வரமாகிவிடுகிறது.

வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து, உடலுழைப்பும் குறைந்தால், இன்சுலினின் ஏவலை உடம்பு எளிதிற் கேட்பதில்லை. ஆதலின் இன்சுலின் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் தானே கலங்களை வளரத் தூண்டவல்லது. அன்றியும் வளர்ச்சிக் காரணியைக் கட்டிவைக்கும் சில புரதங்களைக் குறைத்து, அதனை அவிழ்த்துவிடுகிறது. 12 நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2010இல் வெளியிட்ட முடிவின்படி, குருதியில் இக்காரணி மிகக் கூடிய ஐந்திலொரு பங்கினர்க்கு, மிகக் குறைந்த ஐந்திலொரு பங்கினரைவிட மார்பகப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடு அதிகம். ஈஸ்திரஜன் வாங்கியுடைய கட்டிகளிலேயே இத்தொடர்பு காணப்பட்டது.

28 விழுக்காடு என்றதும் நூற்றுக்கு 28 பேர் நோயுறுவர் என்று எவரும் அஞ்ச வேண்டா. குறைந்த பங்கினருள் 100 பேர்க்கு வரும் நோய், கூடிய பங்கினருள் 128 பேர்க்கு வரும் என்பதே அதன் பொருள். அக்காவின் நோய்க்கு அவர் உடற்பருமனோ சலரோகமோதான் காரணம் என்றும் யான் சொல்லத் துணியேன். ஒருவர்க்கு இந்நோய் இன்னதனால் வந்தது என்று உறுதிகூற எந்த வைத்தியராலும் இயலாது. வயது ஏறுந்தோறும் இந்நோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது என்பது மட்டும் உறுதி. "அது நின்றுவிட்டது" என்பது காவல் அன்று.

ஓடையை அறிந்தவர் அணையையும் அறிந்தனர். 1962இல் இங்கிலாந்தில் டோரா றிச்சாட்சன் என்ற இரசாயன அறிஞர் ஆக்கிய தமொக்சிபென் என்னும் மருந்து, முதலிற் கருத்தடைக்கு உதவுமோ என்று ஆராயப்பட்டது. அதற்கு அது உதவவில்லை. ஆனால் ஓலை வாங்குவோனின் கையைத் தான் முந்திப் பற்றிக்கொண்டு, ஈஸ்திரஜனை வாயிலில் நிறுத்திவிடும் ஆற்றல் அதற்கு இருந்தது. இன்று உலகெங்கும் எண்ணற்ற பெண்களை அது காத்து வருகிறது. கொழுப்பிழையத்தின் நொதியத்தையே அடக்கும் லெற்றோசோல் போன்ற மருந்துகள் பின்னர் வந்தன. அக்காவுக்குக் கொடுத்தது அவ்வகை மாத்திரையே. நோய் மார்போடு நின்றிருந்த நாளில் அது கிடைத்திருப்பின், சத்திர சிகிச்சையோடு சேர்ந்து அவரை முற்றும் காத்திருத்தல் கூடும்.

எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

இந்நோயின் காரணங்களைக் கணக்கெடுத்து ஆராயும் முறைக்கு வழிகாட்டியவரும் ஒரு பெண்மணியே. 1926இல் இங்கிலாந்தின் ஜனெற் லேன்-கிளேப்பன் அம்மையார், நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்புநோக்கி, பிள்ளைப்பேறும் பாலூட்டலும் இந்நோயோடு தொடர்புடையன என்று காட்டினார். 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்தோர் அதனை உறுதிப்படுத்தினர். ஒவ்வொரு மகப்பேறும் நோய்வாய்ப்பை ஏறத்தாழ 7 விழுக்காடும், பாலூட்டும் ஒவ்வோர் ஆண்டும் மேலும் 4 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமும் குறைக்கின்றன என்பது அவர்கள் முடிபு. நான்கு பிள்ளைகளுக்குப் பாலூட்டிய அக்காவுக்கும் நோய் வந்ததே எனின், குறைப்பது வேறு, தடுப்பது வேறு. வேலி கட்டிய வயலிலும் யானை புகுதல் உண்டு.

முதிய பெண்களைப் பற்றிய பெரிய கணக்கு ஒன்று அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. 1993 முதல் 1998 வரை, 50 முதல் 79 வயதுவரையுள்ள 1,61,808 பெண்கள் அவ்வாய்விற் சேர்க்கப்பட்டனர். மாதவிலக்கு நின்றபின் ஓமோன் மாத்திரை உட்கொள்வது நலம் தரும் என்று அந்நாளிற் பலரும் நம்பினர். ஈஸ்திரஜனையும் புரோஜெஸ்ரினையும் சேர்த்து உட்கொண்டோரிடம் மார்பகப் புற்று மிகக் கண்டமையால், அப்பகுதி ஆய்வு 2002 ஆடி மாதத்தில் இடைநிறுத்தப்பட்டது. வைத்தியர் ஆலோசனையின்றி அத்தகைய மாத்திரைகளை நாடுதல் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அவ்வாய்விற் சேர்ந்தோருட் பெரும்பான்மையினர் வெள்ளையர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய ஆபிரிக்க அமெரிக்கப் பெண்களும் ஒரு பகுதியினராகச் சேர்ந்திருந்தனர். அந்நாட்டில் இவர்களுடைய நிலை சிந்திக்கத்தக்கது. வெள்ளைப் பெண்களைவிட இவர்களுக்கு மார்பகப் புற்று வருவது சற்றுக் குறைவு; அதனால் இறப்பதோ ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். இம்முரணுக்குக் காரணம் ஒன்றன்று. ஓமோன் மருந்துக்கு இடங்கொடாத, வாங்கிகள் எவையும் இல்லாத கடுமையான கட்டிவகை இவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது. அதனோடு, நோயைக் காலந்தாழ்த்திக் கண்டறிதலும், சிகிச்சை தாமதித்தலும், வறுமையும் சேர்கின்றன. ஆகவே, வெள்ளைப் பெண்களிடம் கண்ட முடிபை இவர்கள்மேல் ஏற்றிக் கூறுதல் தகாது எனக் கொண்டு, இவர்களுள் முதியோரின் இன்சுலின், வளர்ச்சிக் காரணி ஆகியவற்றைச் சார்ந்த பரம்பரையலகு வேறுபாடுகளையும், உடற்பருமன் முதலிய வாழ்க்கை நிலைகளையும் சேர்த்துத் தனியே ஆராய்ந்து வருகின்றனர். ஓடை ஒன்றாயினும் ஒவ்வொரு நிலத்திலும் அது பாயும் வகை வேறு என்பது அவ்வாராய்ச்சியின் அடிப்படை.

நம் படுவான்கரைப் பெண்கள் அந்த 1,61,808 பேருள் இல்லை. ஆயினும் நோய் அவர்களை விட்டுவைக்கவில்லை. 2022இல் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தனர். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெறுவது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுவே. நம் பெண்களின் உடம்பில் இந்நோய் எவ்வாறு நடக்கிறது என்பதை நாளைய ஆய்வாளர் அறியவேண்டுமாயின், நம் பெண்கள் இன்று வைத்தியசாலைப் படியேற வேண்டும். கட்டியைக் கமுக்கட்டுக்கு மாற்றிச் சொல்லும் வரை, நாம் எந்தக் கணக்கிலும் சேரமாட்டோம்.

வயிற்றுவாரும் தந்தைவழியும்

ஈண்டு எங்கள் நாட்டுக்கே உரிய ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். மட்டக்களப்பிற் குடி தாய்வழி வருவது. ஒரு தாய்வயிற்றுக் கால்வழியை வயிற்றுவார் என்போம். ஆதலின், "எங்கள் வயிற்றுவாரில் இந்த நோய் இல்லை" என்று ஆறுதல் கொள்ளும் பெண்களை யான் கண்டிருக்கிறேன். இந்நோயுற்றோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்க்கே அது பரம்பரையாற் பெறப்பட்டது என்பர். அதற்குரிய பரம்பரையலகுகளுள் முதலாவது எங்குளது என்பதை 1990இல் மேரி-கிளேர் கிங் அம்மையார் காட்டினார். 1994இல் அது பிரித்தறியப்பட்டது. அவ்வலகு தாய்வழியாகவும் வரும், தந்தைவழியாகவும் வரும். குடி பார்த்து அது நடப்பதில்லை. தந்தையின் தாயாருக்கோ தமக்கைக்கோ இந்நோய் இருந்ததாயின், அதனையும் வைத்தியரிடம் கூறுதல் கடன்.

செய்யத்தக்கன

யான் வைத்தியன் அல்லன். வைத்தியரிடம் கேட்டறிந்தவற்றை மட்டும் கூறுவேன். மார்பிலோ கமுக்கட்டிலோ நோகாத கட்டி, தோல் சுருங்கிக் குழிதல், முலைக்காம்பு உள்வாங்குதல், அதிலிருந்து இரத்தம் கசிதல், ஆறாத புண் ஆகியன கண்டால் பற்றுப் போட்டுக் காத்திருத்தல் ஆகாது. கட்டிகளிற் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதையும் மறத்தலாகாது. அச்சமும் நாணமும் சேர்ந்தே பெண்களை வாயடைக்கின்றன. 1996 முதல் இலங்கையில் 35 வயதைக் கடந்த பெண்களின் நலம் பேணுவதற்கென்றே கிளினிக்குகள் நடைபெறுகின்றன. மார்பைச் சோதித்துப் பார்ப்பதும், இரத்த அழுத்தமும் சலரோகமும் உண்டோ என்று அறிவதும் அங்கே நிகழ்வன. ஊர்தோறும் வரும் குடும்பநல மாதிடம் கேட்டால் இடமும் நாளும் கூறுவார். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே இன்று புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. இராப் பஸ்ஸும் சோதனைச் சாவடியும் இன்றில்லை. மண்முனையிற் பாலமும் உண்டு. எஞ்சி நிற்கும் தடை நம் நாவிலுள்ளது.

உடம்பை அளவில் வைத்தலும், நாள்தோறும் நடத்தலும் அந்த ஓடைகளைச் சுருக்கும். வயல்வேலை செய்த நாளில் நம் தாய்மார் இதனை அறியாமலே செய்தனர். வயல்வேலை ஓய்ந்த வீடுகளில் இதனை அறிந்து செய்தல் வேண்டும்.

ஆடவர்க்கும் ஒரு சொல். வைகாசி மாதத்திற் செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் இன்னும் பல ஊர்களிலும் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு செய்கிறோம். வழக்குரை பாடுகிறோம். அவள் வெப்பம் தணியக் குளிர்த்தி ஆற்றுகிறோம். மார்பைப் பிடுங்கி நீதி கேட்ட ஒருத்தியைத் தாயென்று தொழும் நாட்டில், ஒரு தாய் தன் மார்பில் நோயென்று சொல்ல இயலாது மாய்வது எத்துணைப் பழி! கேட்கத் தகாதது என்று நாம் முகஞ்சுளித்தமையாலன்றோ சொல்லத் தகாதது என்று அவர்கள் கொண்டனர்?

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, அக்காவின் மூத்த மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கு வயது 46. அவ்வீட்டுக்கு இன்று அவளே உரியவள். முகவுரை எதுவுமின்றி, "மாமா, என்ட மார்பில ஒரு கட்டி இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும், வாறீங்களா?" என்றாள். என் காதிலே அச்சொல் விழுந்த கணத்தில், பழைய கூச்சம் ஒருமுறை எழுந்து அடங்கிற்று. "காலமைக்கு வாறன் மகள்" என்றேன். சோதித்ததில் அது வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தது. திரும்பும் வழியில் மண்முனைப் பாலத்தின்மேற் சற்று நின்றோம். "அம்மாவும் இப்படிச் சொல்லியிருக்கலாம்" என்றாள். யான் மறுமொழி கூறவில்லை. அவர் சொல்லவில்லை என்பது மெய். அவர் சொல்லத்தக்கவனாக யான் இருக்கவில்லை என்பதும் மெய்.

அடுத்த வாரம் உயர்தர வகுப்பில் வஞ்சின மாலை வந்தது. மாணவி ஒருத்தியை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். அவ்விடம் வந்ததும் அவள் நிறுத்தி என்னை நோக்கினாள். "வாசி பிள்ளை" என்றேன். வாசித்தாள். பிறகு அவ்வடிகளுக்குப் பதம் பதமாகப் பொருள் கூறினேன், உறுப்பின் பெயர் உட்பட. வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.